கழுவிக் கொடுத்த போத்தல்கள்

போன சனிக்கிழமை பகல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. உக்குவளை ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும் என்கிறார் என் மனைவி. அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். சத்தம் போட்டவன் நான்தான்.

நடந்தது இவ்வளவே. பேத்தி மாத்தளை டவுனிலே மீன் விற்கிற ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். சாப்பிடுகிற மீன் இல்லை, வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற மீன். பொலித்தீன் பையில் இரண்டு குட்டி மீனும், அவற்றுக்கு நிழலாக இருக்கட்டும் என்று கடைக்காரர் போட்டுக்கொடுத்த கொஞ்சம் பச்சை இலையும் வந்து சேர்ந்தன. வீட்டில் கண்ணாடித் தொட்டி கிடையாது. பிள்ளை அலுமாரியைத் திறந்து, மேல் தட்டில் இருந்த வாய் அகன்ற பழைய போத்தலை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, மீனையும் இலையையும் விட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள். நான் லுஹர் தொழுதுவிட்டு வந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன்.

"யா அல்லாஹ்! இதையா கொண்டு வந்தீங்க? அதையும் இதுலயா போட்டீங்க?"

இலைக்கு ஒரு கத்தல், போத்தலுக்கு ஒரு கத்தல். பிள்ளை பயந்துபோய், "மூத்தாப்பாக்கு என்னமோ செய்யுது" என்று உள்ளே ஓடினாள். மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். இலையைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுப்படிக்குத் திரும்பிப் போனார். இந்த உலகத்தில் அந்தக் கத்தலின் காரணம் தெரிந்தவர்கள் இனி நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். பேத்திக்குச் சொல்லத் தொடங்கினேன். மீன் வாலை ஆட்டும் வரைக்கும் கேட்டாள். மிச்சத்தை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களிடம் மீன் இல்லை அல்லவா?

அந்த இலையின் பெயர் சல்வீனியா. நகத்தளவு இரண்டு இலை, அடியில் தாடிபோலத் தொங்குகிற வேர். இலைமேல் நுண்ணிய மயிர் இருப்பதால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். தனியாக ஒன்றைப் பார்த்தால் யாருக்கும் எடுத்துக் கொஞ்சத்தான் தோன்றும். அதற்கென்று வாசமும் கிடையாது. ஆனால் வண்டி வண்டியாக வாரிக் குளக்கட்டில் குவித்து வெயிலில் காயப் போட்டால் ஒரு நாற்றம் கிளம்பும் பாருங்கள், பழைய சோறும் நனைந்த ஆட்டுத் தோலும் சேர்ந்த மாதிரி. அறுபதுகளின் தொடக்கத்தில், முதல் நியமனம் கிடைத்த உதவி ஆசிரியனாக, நான் கலேவெலப் பக்கம் போய் இறங்கியபோது என்னை வரவேற்றது அந்த நாற்றம்தான்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே பாதிப்பேர் இப்போது என் மனைவி வழிச் சொந்தம். கல்யாண வீடுகளில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. கலேவெலயில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே இரண்டொரு மைல்கட்டை தூரம் நடந்தால் ஒரு குளம். குளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் முஸ்லிம் ஊர், அந்தப் பக்கம் சிங்கள ஊர், கட்டுக்குக் கீழே இரண்டு ஊருக்கும் வயல். உக்குவளையில் மழையும் மிளகுக் கொடியும் ரயில் சத்தமுமாக வளர்ந்தவனுக்கு அந்த வெயில் தண்டனையாக இருந்தது. குளிக்கப் போனால் குளம் இருந்த இடத்தில் ஒரு பச்சைப் பாய் விரித்துக் கிடந்தது. நான் அதைப் புல்வெளி என்று நினைத்துக் காலை வைத்தேன். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டாம். அன்றைக்கே ஊர்ப் பிள்ளைகள் எனக்கு ஒரு பட்டப் பெயர் வைத்தார்கள், அதையும் சொல்ல வேண்டாம்.

எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் ஸாலிஹ் நானா, மரக்கறி வியாபாரி. அவர் வீட்டு விறாந்தையோடு ஒட்டிய ஓர் அறை. அவருடைய மனைவி கதீஜாவை ஊரே தாத்தா என்று கூப்பிடும். எங்கள் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். அந்த அறைக்கு இரண்டாவது கட்டில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கறுப்புக் குடை, வைக்கோல் அடைத்த ஒரு மரப்பெட்டி நிறைய வெற்றுப் போத்தல்கள், அவற்றுக்குப் பின்னால் வியர்த்து விறுவிறுத்து, வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு மனிதர். சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர். களைகளை அடையாளம் கண்டு அழிப்பதற்கென்றே அரசாங்கம் அனுப்பிவைத்த உத்தியோகத்தர். பொழுது சாய்வதற்குள் ஊர் அவருக்கும் பெயர் வைத்துவிட்டது: களை ஐயா.

வெள்ளிக்கிழமைகளில் அவர் மரக்கறிதான் சாப்பிடுவார். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமைதான் இறைச்சி. கதீஜா தாத்தா அவருக்காகத் தனிச்சட்டியில் முருங்கைக்காய் ஆக்குவார். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட ஊர் முருங்கைக்காய்..." என்று தொடங்குவார். அவருடைய ஊர் முருங்கைக்காய், அவருடைய ஊர்க் கிணற்றுத் தண்ணீர், அவருடைய ஊர்க் காற்று எல்லாவற்றிலும் ஒரு படி மேலேதான். பெருமை பேசுகிறார் என்று முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகுதான் விஷயம் விளங்கியது. கல்யாணம் முடித்து ஒரு வருடம் ஆகவில்லை. மனைவி தாய்வீட்டில் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். பிள்ளை ஆவணியில் பிறக்க வேண்டும். இவருடைய லீவெல்லாம் கல்யாணத்திலேயே தீர்ந்துவிட்டது. மேலே இருக்கிற பெரிய ஐயா ஒரே வார்த்தை சொல்லியிருந்தார்: குளம் துப்புரவானால் வடக்கே மாற்றம், அதுவரை இடத்தை விட்டு அசையக்கூடாது.

"ஆவணிக்குள்ளை முடிச்சுப் போட்டுப் போயிடுவன் காணும்" என்பார் சிவபாதம் தினமும், கட்டிலில் உட்கார்ந்து காலில் கடித்த அட்டைக்கு உப்பு வைத்தபடி. "குழந்தை கண் முழிக்கேக்கை நான் அங்கை நிக்கோணும்."

பிள்ளை கண் முழித்தால் முதலில் மருத்துவிச்சியைத்தான் பார்க்கும் என்று நான் சொன்னேன். அந்த வயதில் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

முதல் சிரமதானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிவபாதம் குளக்கட்டில் நின்று, இந்தக் களை எப்படிப்பட்டது, வயலுக்குப் போகிற மதகை எப்படி அடைக்கிறது, ஒரு நுனி மிஞ்சினாலும் எப்படிக் குளம் முழுக்க மூடிவிடும் என்று நல்ல தமிழில் ஒரு பிரசங்கம் செய்தார். இரண்டு ஊரும் மரியாதையாகக் கேட்டது. பிறகு எல்லாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடுங்கினார்கள். ஸாலிஹ் நானாவின் ஆட்கள் ஒரு வண்டி கங்குன் கீரை பிடுங்கினார்கள். அதில் பாதி அடுத்த நாள் சந்தைக்குப் போய்விட்டது. சிங்கள ஊர்க்காரர்கள் தாமரையும் ஓலு என்கிற அல்லிப் பூவும் கட்டுக் கட்டாகப் பறித்துத் தங்கள் பௌத்த கோயிலான பன்சலைக்குக் கொண்டுபோனார்கள். சல்வீனியாவோ, ஆள் இறங்கினால் அடக்கமாக விலகி வழிவிட்டது, ஆள் ஏறியதும் திரும்பி வந்து மூடிக்கொண்டது. சாயங்காலம் எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள், களை மட்டும் களைக்கவில்லை. கதீஜா தாத்தா வீட்டில் அன்றிரவு கங்குன் சுண்டல். சிவபாதம் அதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்த மரப்பெட்டி திறந்தது. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல்கள், தகர மூடியோடு. அந்தக் காலத்தில் அப்படி ஒரு போத்தல் கையில் கிடைத்தால் பெண்கள் அதைக் கல்யாணச் சீர்போல வைத்துக்கொள்வார்கள். சிவபாதம் ஒவ்வொன்றிலும் குளத்துத் தண்ணீர் ஊற்றி ஒரு சல்வீனியாச் செடியை விட்டு வீடு வீடாகக் கொடுத்தார். இரண்டு ஊருக்கும். "இதுதான் எதிரி. நல்லா முகத்தைப் பார்த்து வைச்சுக்கொள்ளுங்கோ. போத்தல் கவனம், அது அரசாங்கச் சாமான். பிறகு திருப்பித் தரோணும்."

நான் பார்த்த அரசாங்கத் திட்டங்களில் மக்கள் மனதார ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான். எதிரியை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரிப் பராமரித்தார்கள். ஒருவர் கண்ணூறு கழிய வாசலில் தொங்கவிட்டார். ஒரு வீட்டில் வெள்ளிக்கு வெள்ளி தண்ணீர் மாற்றினார்கள். பெண்கள் கிணற்றடியில் சந்தித்தால் அதே பேச்சு.

"எங்கட போத்தல்ல மூணு குட்டி போட்டீக்கி, ஐயா!" என்றார் கதீஜா தாத்தா பெருமையோடு. பக்கத்து வீட்டில் ஒன்றுதான் போட்டிருந்தது. அந்த வீட்டுக்காரி தன் போத்தலை வெயில் படும் ஜன்னலுக்கு மாற்றிவைத்தார்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று கொடுத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அதை வாங்கிய மூன்றாம் நாளே உடைத்து, இலையைக் காலால் மிதித்துத் துவைத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்களை ஏசினேன். பின்னால் நடந்ததை நினைத்தால் அவர்களுக்குப் பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

ஆனாலும் போத்தல் வேலை செய்தது. அடுத்த சிரமதானத்தில் தொட்டில் பிள்ளைக்கும் எதிரியின் முகம் தெரிந்திருந்தது. வைக்கோலை முறுக்கித் தடித்த கயிறாகத் திரித்து, குளத்தின் குறுக்கே மிதக்கவிட்டு, இரு கரையிலும் நின்று இழுத்தார்கள். பச்சைப் பாய் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு ஒரு மூலைக்கு வந்தது. கூடையால் அள்ளி அள்ளிக் குளக்கட்டில் குவித்தார்கள். குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற பண்டா விதானை அந்தப் பக்கம் நின்று சிங்களத்தில் சத்தம் போட, ஸாலிஹ் நானா இந்தப் பக்கம் நின்று தமிழில் பதில் சத்தம் போட, கயிறு மட்டும் சரியாகவே வந்தது. அந்தக் கரையிலிருந்து கிரிபத் என்கிற பாற்சோறு, இந்தக் கரையிலிருந்து ரொட்டியும் சம்பலும். பல நாள் வேலை. கடைசியில் ஒரு மாலை எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குளத்தில் வானம் தெரிந்தது. அங்கே பிறந்த சில பிள்ளைகள் அதை முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

சிவபாதம் அன்று குடையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெரிய ஐயாவுக்குச் செய்தி போனது. ஆடி இன்னும் முடியவில்லை. ஊருக்குப் போகிற மனிதர் அல்லவா, கணக்கை நேர்செய்ய நினைத்தார். வீடு வீடாகப் போய்ச் சொன்னார்:

"எல்லாரும் போத்தலைத் திருப்பித் தாங்கோ. வடிவாக் கழுவித் தாங்கோ. ஒரு பொட்டு அழுக்கு இருக்கக்கூடாது."

போத்தலைக் கழுவச் சொன்னார். உள்ளே இருந்ததை என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அரசாங்கத்துக்குப் போகிற சாமான். அழுக்காகக் கொடுத்தால் ஊருக்கல்லவா வெட்கம்? இரண்டு ஊர்ப் பெண்களும் குளத்துப் படித்துறைக்குப் போனார்கள். சவுக்காரம், தென்னந்தும்பு, மெல்லிய மணல். தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். வீட்டு விறாந்தையில் வரிசையாக வந்து சேர்ந்த போத்தல்களைப் பார்த்து நானே வாய் பிளந்தேன். சந்தையில் வைத்தால் புதுசு என்று விற்றுவிடலாம். சிவபாதம் ஒவ்வொன்றையும் வைக்கோலில் பொதிந்து அடுக்கினார்.

பெரிய ஐயா உடனே வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பெரிய ஐயாமார் உடனே வருவதில்லை. சில வாரம் கழித்து ஜீப்பில் வந்தார். ஊர் முழுக்கக் குளக்கட்டில் கூடியிருந்தது. ஸாலிஹ் நானா பெருநாள் தொப்பி போட்டிருந்தார். சிவபாதம் இஸ்திரி போட்ட சேர்ட்டில், டிரங்குப் பெட்டியைக்கூடக் கட்டிவைத்துவிட்டு வந்து நின்றார். பெரிய ஐயா குளத்தைச் சுற்றிப் பார்த்து, தலையை ஆட்டி, திருப்தியாகப் படித்துறைப் பக்கம் வந்தார். விரலால் தண்ணீரைச் சுட்டினார்.

"மிஸ்டர் சிவபாதம், இது என்ன?"

படித்துறையைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி பச்சை.

"சல்வீனியா, சேர்" என்றார் சிவபாதம்.

அடையாளம் காண்பதில் அவர் ஒருபோதும் பிழை விட்டதில்லை. ஜீப் போய்விட்டது. மாற்றமும் அதோடு போய்விட்டது. ஆவணி பிறந்திருந்தது.

அன்று பின்நேரமே ஊர்கள் முறைக்கத் தொடங்கின. அந்தக் கரை எருமைகளின் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது என்றார்கள் எங்கள் ஆட்கள். ஸாலிஹ் நானாவின் கங்குன் வண்டியில் வந்தது என்றார்கள் அவர்கள். சிவபாதம் யாரையும் குற்றம் சொல்லவில்லை. களை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பினார், என்னையும் இழுத்துக்கொண்டு. குளத்துக்கு மேலே உள்ள ஓடையெல்லாம் ஏறி இறங்கினோம். கடைசியில் அவருடைய சந்தேகம் ஒரு கொக்கின்மேல் விழுந்தது. வேறு குளத்திலிருந்து காலில் தூக்கி வருகிறதாம். குடையை விரித்துக்கொண்டு அவர் அந்தக் கொக்கைத் துரத்த, கொக்கு நாலு அடி பறந்து உட்கார்ந்து இவரைத் திரும்பிப் பார்க்கும். நான் சிரிப்பை அடக்க வரம்பில் உட்கார்ந்துவிடுவேன்.

"நீர் சிரிப்பீர் காணும்" என்றார் ஒருநாள், மூச்சு வாங்கியபடி. "உமக்கு ஒண்டும் பிறக்கப்போறதில்லை."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மை வெளியானது கதீஜா தாத்தாவால். ஒரு காலை அவர் படித்துறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் முகம் கழுவப் போயிருந்தேன். பாத்திரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளைத் தண்ணீரில் உதறினார், மீன்கள் வந்தன. உதறிய கை அப்படியே நின்றது. படித்துறையைச் சுற்றியிருந்த பச்சையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், நாங்க போத்தல் கழுவினது இங்கதானே?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எதிரியை வீட்டில் வைத்துச் சோறூட்டி, குட்டி போட வைத்து, குளம் சுத்தமான மறுநாள் எல்லாரும் ஒன்றாகக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் இறக்கிவிட்டு, சவுக்காரம் போட்டு வழியனுப்பியிருக்கிறோம்!

விஷயம் அடுப்படி அடுப்படியாகப் போனது. அந்தக் கரைக்கும் போனது. பண்டா விதானையின் மனைவியும் அங்கேதான் கழுவினாராம். குற்றம் எல்லாருக்கும் சமமாக இருந்தால் சமாதானம் எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குக் கண்டேன். எருமையும் கங்குன் வண்டியும் ஒரே நாளில் விடுதலையாயின. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் பேசினார்கள். பண்டா விதானையும் வந்து மரத்தடியில் நின்றார். சிவபாதத்திடம் சொல்வதா, வேண்டாமா?

"சொல்லப்படாது" என்றார் ஸாலிஹ் நானா. "கழுவச் சொன்னது ஐயாதானே. தன்ட வாயாலதான் தன்ட மாற்றம் போச்சுன்னு தெரிஞ்சா மனுசன் தாங்குவாரா? கொக்கே செஞ்சதா ஈக்கட்டும்."

யாரோ சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, பண்டா விதானை தலையை அசைத்தார். கொக்குக்கு இரண்டு ஊரின் சார்பிலும் தண்டனை தீர்ப்பானது.

அடுத்த நாள் பெண்கள் முதலில் இறங்கினார்கள். பழைய நுளம்பு வலைகளைப் பிரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து, படித்துறையிலிருந்து தொடங்கி அரித்தார்கள். நுனிகூடத் தப்பாது. பின்னால் ஆண்கள். யாரும் கூப்பிடாமலே வந்த அந்தச் சனத்தைப் பார்த்துச் சிவபாதம் திகைத்துப்போனார். ஏன் இவ்வளவு அக்கறை என்று என்னிடம் கேட்டார். உங்கள் பிரசங்கம் அப்படி என்றேன். அவர் நம்பினமாதிரி இருந்தது.

அந்த வாரம்தான் ஒன்று நடந்தது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. குளத்திலிருந்து வந்த சிவபாதம் விறாந்தையில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பளபளவென்று இருந்தது. வெகுநேரம் பார்த்தார். திரும்ப வைக்கோலில் பொதிந்து மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். களைப்பு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் கொக்கின் பக்கமே போகவில்லை.

தந்தி வந்தபோது அவர் நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். தந்திக்காரர் கலேவெலயிலிருந்து சைக்கிளை மிதித்து வந்து, குளக்கட்டில் நின்று கூப்பிட்டார். நான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையால் பிரித்தார். பெண் பிள்ளை, இருவரும் சுகம். வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். முகத்தைத் துடைத்தார், துடைத்த கையும் ஈரம், முகமும் ஈரம். அழுதார். யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அழுதார். எல்லாருக்கும் தெரிந்தது. வலையைப் பிடித்திருந்த கதீஜா தாத்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில் அந்த மனிதர் இருந்திருக்க வேண்டிய இடம் எது என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஏன் அங்கே இல்லை என்பதும் தெரியும்.

"ஏறுங்க ஐயா, வீட்டுக்குப் போவோம்" என்றார் ஸாலிஹ் நானா.

"இல்லை நானா. முப்பத்தொண்டுக்காவது போகோணும்."

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து அவர்கள் வீட்டில் விசேஷம் செய்வார்களாம். அதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி இரண்டு ஊருக்கும் மனப்பாடமாகிவிட்டது. பண்டா விதானை தன் வீட்டுப் பேரப்பிள்ளையின் சடங்குபோல, முப்பத்தொன்று எப்போது என்று தினமும் கேட்டார். விடிய இறங்கினால் அந்தி மஃரிப் வரைக்கும் குளம். எடுத்த களையை இந்தத் தடவை ஒரு இலை விடாமல் எரித்தோம். சாம்பலைக்கூட ஸாலிஹ் நானா தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோக விடவில்லை.

பெரிய ஐயா இரண்டாவது தடவை வந்தார். படித்துறையில் குந்தியிருந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டார். சிவபாதம் மரப்பெட்டியை ஜீப் அருகில் கொண்டுவந்து வைத்து, ஒன்று பள்ளிக்கூடத்தில் உடைந்ததையும் சொல்லி, போத்தல்களை ஒப்படைக்கப் பார்த்தார்.

பெரிய ஐயா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தக் குப்பையை ஏன் ஜீப்பில் ஏற்ற? இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடும்."

சிவபாதத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் பெண்கள் நேரத்தை வீணாக்குகிறவர்கள் இல்லை. ஜீப்பின் புழுதி அடங்கும் முன்பே பெட்டி காலி.

முப்பத்தொன்றுக்கு இன்னும் நாள் கிடந்தது. வழியனுப்ப நாங்கள் கலேவெல பஸ் நிலையத்துக்குப் போனோம். ஒரு களை உத்தியோகத்தருக்கு அவ்வளவு கூட்டம் வந்ததைப் பார்த்து, யாரோ மந்திரி வருகிறார் என்று கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிவபாதம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கதீஜா தாத்தா முந்தானைக்குள் இருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். அதே போத்தல்களில் ஒன்று. உள்ளே தேசிக்காய் ஊறுகாய், மூடியில் துணி கட்டி.

"புள்ள பெத்த வீட்டுக்கு, ஐயா."

சிவபாதம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கதீஜா தாத்தாவைப் பார்த்தார்.

"தாத்தா, இதை எங்கை கழுவினனீங்கள்?"

ஸாலிஹ் நானா தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"கிணத்துலதான், ஐயா" என்றார் தாத்தா மெல்ல.

சிவபாதம் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு ஸாலிஹ் நானா சிரித்தார், பண்டா விதானை மொழி விளங்காமலே சிரித்தார், பஸ் புறப்பட்டது. அவர் மனம் நோகக்கூடாது என்று நாங்கள் மறைத்தோம். எங்கள் மனம் நோகக்கூடாது என்று அவர் மறைத்திருக்கிறார். இடையில் பழி சுமந்தது அந்தக் கொக்கு ஒன்றுதான்.

வெற்றுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்திலும் இல்லை, அவர்கள் பக்கத்திலும் இல்லை. ஆறு மாதம் கழித்து வெங்காயம் ஏற்றி வந்த யாழ்ப்பாணத்து லொறிக்காரர் ஒருவர் ஸாலிஹ் நானாவைச் சந்தையில் தேடிப் பிடித்து, அதே போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பனங்கட்டி. அடுத்த முறை ஊறுகாய் போனது. பிறகு பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் வந்தது. கடிதம் எழுதுகிற பழக்கம் இரண்டு பக்கமும் கிடையாது; போத்தல் வந்தால் சுகம் என்று அர்த்தம். இதற்கிடையில் நான் கதீஜா தாத்தாவின் தங்கையைக் கல்யாணம் முடித்துக்கொண்டேன். குளம் துப்புரவான பிறகும் நான் ஏன் மாற்றம் கேட்காமல் அந்த அறையிலேயே கிடந்தேன் என்பது ஊருக்கு அப்போதுதான் விளங்கியதாம். தாத்தாவுக்கு முன்பே தெரியும் என்று இப்போது கரண்டியோடு நிற்பவர் சொல்கிறார். தாத்தா கண்ணை மூடி மௌத்தாகும் முன் போத்தலை எங்களிடம் ஒப்படைத்தார். லொறிக்காரரிடம் உக்குவளை விலாசத்தைச் சொல்லிவிட்டோம்.

கடைசியாக அது வந்தபோது உள்ளே பினாட்டு இருந்தது, பனம்பழத்தைக் காயவைத்துச் செய்கிற இனிப்பு. பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றார்கள். ஊறுகாய் போடுவதற்குள் கலவரம் வந்தது, பிறகு சண்டை, லொறிகள் நின்றன, பாதை மூடியது. திறந்தது, மூடியது. பிறகு நன்றாகவே திறந்தபோது ஒருவரை அனுப்பி விசாரித்தேன். அந்த விலாசத்தில் வீடு இல்லை, ஒரு கிணறு மட்டும் இருக்கிறதாம். அவர்கள் எங்கே என்று அயலில் ஒருவருக்கும் தெரியவில்லை. கனடா என்றார் ஒருவர். இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

போன வருடம் அந்தக் குளத்துக்குப் போயிருந்தேன். சல்வீனியா கிடையாது. வெளிநாட்டிலிருந்து ஏதோ ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்களாம், அது தின்று தீர்த்துவிட்டதாம். இரண்டு ஊர் வருடக்கணக்காக மாரடித்த வேலையை ஒரு பூச்சி சத்தமில்லாமல் முடித்துவிட்டது. நல்லதுதான். குளத்தில் வானம் தெரிகிறது. படித்துறையில் யாரும் இல்லை, வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள் என்று இந்தக் கரையில் கேட்டேன். பண்டா விதானை என்ற பெயரை அறிந்தவர் ஒருவரும் கிடைக்கவில்லை. கொக்கு மட்டும் நின்றது. அதே கொக்காக இருக்க முடியாது, தெரியும். ஆனாலும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமைக்குத் திரும்புவோம். மீன்களைப் பெரிய பேசினுக்கு மாற்றினேன். இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பேத்தி பார்த்துக்கொண்டிருக்க, அடுப்பில் போட்டு எரித்தேன். போத்தலைக் குழாயடியில், வாளிக்கு மேல் பிடித்துக் கழுவினேன். வாளித் தண்ணீரையும் வெயில் சுடுகிற சீமெந்து முற்றத்தில்தான் ஊற்றினேன்.

"மூத்தாப்பா, இந்தப் போத்தல் யார்ட?" என்றாள் பேத்தி.

யாருடையது என்று எப்படிச் சொல்வது? அரசாங்கத்துடையது, தாத்தாவுடையது, சிவபாதத்துடையது. வெறுமையாக எங்களிடம் நிற்கிறது, நிரப்பி அனுப்ப வேண்டிய முறை எங்களுடையது. முற்றத்தில் தேசிமரம் காய்த்து உதிர்கிறது. வெங்காய லொறிகளும் இப்போது மாத்தளைக்கு வருகின்றன, கேட்டால் கொண்டுபோவார்கள். எந்த வாசலில் இறக்குவது என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்குத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.